பொய் என்று கொள்ள வேண்டிய ஆணை

நார்வே அரசாங்கம் 1949 ஜூன் 10-ம் தேதி தன் ராணுவ அதிகாரிகளுக்கு ஒரு கட்டளை பிறப்பித்தது. நாட்டின் மீது ஆயுதத் தாக்குதல் நடந்தால் அவர்கள் என்ன செய்யவேண்டும் என்பது பற்றியது. முகாம் அலுவலகங்களில் மாட்டி வைக்கப்பட்டிருந்ததால் 'சுவரில் உள்ள அறிவிப்பு' என்றே ராணுவத்தில் அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. சாரம் இவ்வளவுதான்: தாக்குதல் வந்தால் மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டாம், அவரவர் இருக்கும் இடத்தில் படை திரட்டி எதிர்க்கவேண்டும். ஊர்களைக் குண்டு போட்டு அழிப்போம் என்று எதிரி மிரட்டினாலும் எதிர்ப்பு நிற்கக் கூடாது. மன்னரும் அமைச்சரவையும் எதிரியால் செயலிழந்துபோன நிலையில், அவர்கள் பெயரால் 'படை திரட்டாதே, ஆயுதத்தைக் கீழே போடு' என்று வரும் எந்த ஆணையையும் பொய் என்று கொள்ளவேண்டும்.

இந்தக் கடைசி விதி சில மாதங்களாக என்னைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. ராணுவ விஷயங்களில் எனக்கு ருசி கிடையாது. பீரங்கிகளின் பெயர்களை ஒப்பிக்கிறவர்களோடு ஐந்து நிமிஷம் இருந்தாலே அலுத்துவிடும். ஆனால் இது சொல்லைப் பற்றிய விதி. சொன்னவன் யார், எந்த ஸ்திதியில் இருந்து சொன்னான் என்பது சொல்லின் அர்த்தத்தைப் பாதிக்குமா என்று கவிதையை முன்வைத்து நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். எழுதப்பட்டதை மட்டும் பார், எழுதியவனைத் தேடிப் போகாதே என்று ஒரு கட்சி; இரண்டையும் பிரிக்க முடியாது என்று இன்னொரு கட்சி. இந்த விவாதத்தில் தோற்றவர்களுக்கு ஒரு நஷ்டமும் வந்ததில்லை. அதே கேள்விக்கு ஒரு சின்ன தேசம் சட்டமாகப் பதில் எழுதியிருக்கிறது. பதில் தவறானால் ஊர் எரியும். அதனால்தான் அதை நாம் படித்துப் பார்க்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

1940 ஏப்ரல் 9 விடியுமுன் ஜெர்மனி நார்வேயைத் தாக்கியது. அந்த ஒரு நாளைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே பார்க்கவேண்டும். 1949 கட்டளையின் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னாலும் அன்று நடந்த ஏதோ ஒன்று நிற்கிறது.

ஆஸ்லோவுக்குப் போகும் நீண்ட கடல் இடுக்கின் குறுகலான இடத்தில் ஆஸ்கர்ஸ்போர்க் என்று ஒரு கோட்டை. தளபதி கர்னல் பிர்கெர் எரிக்சன், வயது 64, ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தவர். அவரிடம் இருந்த பெரிய பீரங்கிகள் 1890-களில் ஜெர்மனியின் க்ருப் ஆலையிலேயே வாங்கியவை. இயக்க ஆட்களும் போதவில்லை. சமையல்காரர்களையும் புதிதாகச் சேர்ந்த பையன்களையும் கொண்டு ஒப்பேற்றினார்கள். இருட்டில் கப்பல்கள் வருகின்றன. யாருடையவை என்று நிச்சயமில்லை. நடுநிலை நாட்டின் விதிப்படி முதலில் எச்சரிக்கைக் குண்டு போடவேண்டும். தெளிவான உத்தரவு எதுவும் மேலிருந்து வந்திருக்கவில்லை. எரிக்சன் நேராகவே சுடச் சொன்னார். தனக்குக் கிடைக்கப்போவது பதக்கமா ராணுவ நீதிமன்றமா என்று தெரியாது என்ற பொருளில் அப்போது அவர் சொன்னதாக ஒரு பேச்சு வழங்கி வருகிறது. இரண்டு பீரங்கிக் குண்டுகள், பிறகு கரையிலிருந்து பழங்கால டார்பிடோக்கள். 'ப்ளூஷர்' என்ற புத்தம்புதிய ஜெர்மன் போர்க்கப்பல் இரண்டு மணி நேரத்தில் மூழ்கியது. ஆஸ்லோவைக் கைப்பற்ற வந்தவர்கள் அதில்தான் இருந்தார்கள். கிடைத்த சில மணி நேர அவகாசத்தில் மன்னரும் பாராளுமன்றமும் தேசத்தின் தங்கமும் தலைநகரை விட்டுத் தப்பின.

அதே நாள் வடக்கே நார்விக் துறைமுகம். அங்கே இருந்த இரண்டு கிழட்டுக் கடலோரக் காவல் கப்பல்கள் பணிய மறுத்தன. நிமிஷக் கணக்கில் மூழ்கடிக்கப்பட்டு ஏறத்தாழ 280 பேர் செத்தார்கள். கரையில் இருந்த கர்னல் கொன்ராட் சுண்ட்லோ ஊரைச் சண்டையில்லாமல் ஒப்படைத்தார். அவர் க்விஸ்லிங்கின் கட்சிக்காரர். ஹோர்டென் கடற்படைத் தளத்திலோ துரோகம் என்று ஒன்றும் இல்லை. வந்திறங்கிய ஜெர்மானியர் ஒரு சிறு கூட்டம். பணியாவிட்டால் ஊரை விமானங்கள் அழிக்கும் என்றார்கள். ஊரை நினைத்து அட்மிரல் பணிந்தார். அரசாங்கம் இரவெல்லாம் கூடிப் பேசி எடுத்த முடிவு, பகுதிப் படைதிரட்டல். எப்படி? தபாலில். வீட்டுக்கு வீடு கடிதம் போகும், சிப்பாய் வந்து சேர்வான். (இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. பிறகு, நம் அரசாங்க அலுவலகங்களை நினைத்ததும் அடங்கிவிட்டது.)

அன்று மாலை வானொலியில் விட்குன் க்விஸ்லிங் பேசினார். தானே பிரதமர், எதிர்ப்பு அர்த்தமற்றது, எல்லோரும் புதிய அரசுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றார். தேசத்தின் வானொலி, தேசத்தின் பாஷை, சுத்தமான உச்சரிப்பு. கிராமத்தில் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தவனுக்கு அதை உண்மையான ஆணையிலிருந்து பிரித்துக் காட்ட என்ன அடையாளம் இருந்தது? ஒன்றும் இல்லை. தபாலில் வராத உண்மையான ஆணையும் வானொலியில் வந்த பொய் ஆணையும் ஒரே நாளில் மோதிக்கொண்டன. 1949-ன் சுவர் அறிவிப்பு இந்த அனுபவத்தில் பிறந்தது.

அந்த அறிவிப்பு வெளியானபோது பாதுகாப்பு அமைச்சர் யென்ஸ் கிறிஸ்டியன் ஹௌகெ. ஆக்கிரமிப்புக் காலத்தில் தலைமறைவு ராணுவ இயக்கமான மில்ஓர்க்கை நடத்தியவர். 1949-ல் அவருக்கு வயது 34. போலிப் பெயர்களில் போலிக் காகிதங்களோடு வருஷக்கணக்கில் வாழ்ந்த ஒருவர், எது போலி ஆணை என்று தேசத்துக்கு வரையறுத்துச் சொல்லும் இடத்தில் இருந்தார். காகிதமும் முத்திரையும் கையெழுத்தும் எவ்வளவு சுலபமாகச் செய்யக்கூடியவை என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அதனால்தானோ என்னவோ, அந்த ஆணை அடையாளச் சின்னங்களை நம்பவில்லை. முத்திரையைச் சரிபார் என்று சொல்லவில்லை. சொல்பவன் சுதந்திரமாக இருக்கிறானா, சொன்னதைக் கேட்டால் என்ன நடக்கும் என்ற இரண்டை மட்டும் பார்க்கச் சொல்கிறது. குறளில் வாய்மைக்குச் சொல்லப்பட்டிருக்கும் இலக்கணம் ஞாபகம் வருகிறது. அங்கேயும் உண்மையை நடந்ததோடு ஒப்பிட்டு நிர்ணயிக்கவில்லை. விளைவை வைத்தே நிர்ணயித்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் இதை ஒரு மென்மையான உபதேசமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். ஒரு ராணுவ முகாமின் சுவரில் அதே தர்க்கம் எவ்வளவு கடுமையாக ஆகிவிடுகிறது என்று பாருங்கள்.

கடுமை எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். ஹோர்டென் அட்மிரலை எடுத்துக்கொள்வோம். அவர் கோழை என்று நான் சொல்லத் தயாராக இல்லை. ஊரில் பெண்டு பிள்ளைகள் இருந்தார்கள். மிரட்டல் பாதி பொய் என்று பிற்பாடு தெரிந்தது. அன்று காலை தெரியாது. இனிமேல் ஒரு அட்மிரல் அந்த இடத்தில் நின்றால் யோசிப்பதற்கு அவருக்கு இடமே இருக்கக்கூடாது என்கிறது 1949. பணியும் அதிகாரமே தன்னிடம் இல்லை என்று அவர் சொல்லிவிடலாம். பணிய முடியாதவனை மிரட்டிப் பிரயோஜனமில்லை. ஆகவே மிரட்டல் வராது, ஊர் பிழைக்கும். இதுதான் தர்க்கம், நல்ல தர்க்கந்தான். ஆனால் அது பலிக்க வேண்டுமானால் எதிரியும் அந்தச் சுவரைப் படித்திருக்கவேண்டும், படித்ததை நம்பியும் இருக்கவேண்டும். நம்பாவிட்டால் குண்டு விழும். யார் தலையில் என்பது 1949-ல் ஆஸ்லோவில் உட்கார்ந்து எழுதியவர்களுக்குத் தெரியாது.

பீஷ்மரின் சபதம் இப்படிப்பட்டது. சத்தியவதியின் பிள்ளைகளுக்கு ராஜ்யம் கிடைப்பதற்காக அவர் எடுத்துக்கொண்டது அது. பிள்ளைகள் செத்துப்போன பின் அதே சத்தியவதி வந்து சபதத்தை விட்டுவிடு என்று கேட்கிறாள். யாருக்காக எடுத்தாரோ அவளே விடுவிக்கிறாள். பீஷ்மர் மறுக்கிறார். நம் மரபு இதை மெச்சிக்கொண்டே வந்திருக்கிறது. எனக்கு அந்த மறுப்பில் எப்போதும் ஒரு குளிர் தெரியும். சபதம் எடுத்த மனிதன் அதற்குள் காணாமல் போய்விடுகிறான். பிறகு நடப்பதெல்லாம் சபதத்தின் காரியம். நார்வே ஆணையும் தேசம் தனக்குத்தானே எடுத்துக்கொண்ட சபதம். பிற்பாடு நானே வந்து விடச் சொன்னாலும் விடாதே என்று தேசம் தன் சிப்பாயிடம் சொல்லி வைக்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு. சத்தியவதி சுதந்திரமாகக் கேட்டாள். கழுத்தில் கத்தி இருக்கும்போது கேட்டால் மட்டுமே நார்வேயின் சபதம் செவிடாகிறது. இந்த வித்தியாசத்தின் மேல்தான் முழுக் கட்டடமும் நிற்கிறது.

எரிக்சனிடம் திரும்புகிறேன். அவரைத் தேசம் வீரராகக் கொண்டாடுகிறது, சரிதான். ஆனால் மறுநாள், ஏப்ரல் 10 காலை, நாள் முழுக்கக் குண்டுவீச்சை வாங்கிய பிறகு அதே எரிக்சன் கோட்டையை ஒப்படைத்தார். 1949 விதிகளை வைத்துப் பார்த்தால் முதல் நாள் செய்தது கடமை, இரண்டாம் நாள் செய்தது விசாரணைக்குரியது. இரண்டையும் செய்தது ஒரே மனசாட்சி என்பது விதிக்குத் தெரியாது. முதல் நாள் அவர் செய்ததற்கு ஒரு கனம் இருக்கிறது என்றால், அவர் வேறு மாதிரியும் செய்திருக்கலாம் என்பதால்தான். யாரும் சொல்லாமல் தானே தீர்மானித்தார், விளைவைத் தன் தலையில் போட்டுக்கொள்ளத் தயாராக இருந்தார். அடுத்த எரிக்சன் வருவாரோ மாட்டாரோ என்று பயந்து, அவருடைய தீர்மானத்தைச் சட்டமாக்கி எல்லோருக்கும் விநியோகித்துவிட்டார்கள். நியூரம்பெர்க் விசாரணைக்குப் பிறகு, 'உத்தரவு, செய்தேன்' என்பது சமாதானமாகாது என்று உலகம் பேசிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. நார்வே ஆணையை அதன் தொடர்ச்சியாகச் சிலர் பார்க்கக்கூடும்: இங்கேயும் மேலிடத்துக்குக் கீழ்ப்படியாதே என்றுதானே சொல்கிறது? எனக்கு அப்படித் தோன்றவில்லை. நியூரம்பெர்க், சிப்பாயிடம் நீ யோசித்திருக்க வேண்டும் என்று கேட்டது. சுவர் அறிவிப்பு, நாங்கள் முன்கூட்டியே யோசித்துவிட்டோம், நீ யோசிக்காதே என்கிறது. கீழ்ப்படியாமையையே உத்தரவாக்கிவிட்டால் அது மறுபடியும் கீழ்ப்படிதல்தான்.

மன்னர் ஏழாம் ஹாகோன் நடந்துகொண்ட விதம் இதிலிருந்து வேறுபட்டது. ஏப்ரல் 10 அன்று க்விஸ்லிங்கைப் பிரதமராக நியமிக்கச் சொல்லி ஜெர்மன் தூதர் வற்புறுத்தினார். மன்னர் தன் அமைச்சர்களிடம், முடிவு உங்களுடையது, ஆனால் அவரை நியமிக்க என்னால் முடியாது, ஏற்பது என்று நீங்கள் முடிவு செய்தால் நான் முடிதுறப்பேன் என்றார். மற்றவர்களின் தீர்மானத்தை அவர் தன் கையில் எடுத்துக்கொள்ளவில்லை. தன் பெயரை, தன் கையெழுத்தை மட்டும் கொடுக்க மறுத்தார். அமைச்சர்களும் மறுத்தார்கள். அடுத்த நாள் அவர்கள் தங்கியிருந்த ஊர்மேல் விமானங்கள் குண்டு போட்டன. 1942-ல் பள்ளி ஆசிரியர்கள் செய்ததும் இதே ஜாதிதான். க்விஸ்லிங்கின் ஆசிரியர் சங்கத்தில் சேரமாட்டோம் என்று ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே வாசகத்தில் தனித்தனிக் கடிதமாக எழுதி, அவரவர் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். சுமார் 1,100 பேரைப் பிடித்தார்கள். பல நூறு பேரை வடக்கே கிர்கெனெஸுக்கு கப்பலேற்றி மூட்டை தூக்க வைத்தார்கள். அவர்களில் யாருக்கும் பள்ளிக்கூடச் சுவரில் அறிவிப்பு மாட்டியிருக்கவில்லை.

இந்த இடத்தில் க்நுட் ஹாம்சனைப் பற்றிப் பேசாமல் போகமுடியாது. நம்மில் பலருக்கு நார்வே என்றாலே அவர்தான். க.நா.சு. மொழிபெயர்த்த 'நிலவள'த்தைப் படித்து மண்ணையும் மனிதனையும் பற்றி வேறு மாதிரி யோசிக்க ஆரம்பித்தவர்கள் நம் வட்டத்திலேயே இருக்கிறார்கள். அந்த ஹாம்சன் 1940 மே மாதம் க்விஸ்லிங் கட்சிப் பத்திரிகையில் தன் ஜனங்களுக்கு எழுதினார்: துப்பாக்கியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்று. வடக்கே சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். 1943-ல் ஹிட்லரைப் போய்ப் பார்த்தார். 1945 மே மாதம், இனி அதனால் அரைக்காசு லாபமில்லை என்ற நிலையில், ஹிட்லருக்கு அஞ்சலி எழுதினார். போருக்குப் பின் டாக்டர்கள் அவருடைய மனத்திறன் நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது என்றார்கள். கோர்ட் பெருந்தொகை அபராதம் போட்டது. அதற்குப் பதில்போல அவர் எழுதிய கடைசிப் புத்தகம் 1949-ல், சுவர் அறிவிப்பு வந்த அதே வருஷம், வெளியாயிற்று. மனத்திறன் போனவன் எழுதுகிற எழுத்தாக அது இல்லை.

க்விஸ்லிங்கின் குரல் போலி ஆணை. அவருக்கு அந்த அதிகாரமே கிடையாது, விஷயம் சுலபம். ஹாம்சன் சிறையில் இல்லை, யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை, நம்பியதைத்தான் சொன்னார். தேசம் நேசித்த குரல் அது. சுவர் அறிவிப்பால் இந்தக் குரலை ஒன்றும் செய்யமுடியாது. அது அதிகாரிகளின் பெயரால் வரும் ஆணையைப் பற்றி மட்டுமே பேசுகிறது. அதுவே சரி என்பது என் அபிப்ராயம். பணிந்து போ என்று சொல்கிற எல்லாக் குரலும் பொய் என்று சட்டம் போட ஆரம்பித்தால் முதலில் மாட்டுவது, போர் தவறு என்று யோக்கியமாக நம்பிச் சொல்கிறவன். அந்த எல்லையை அவர்கள் தாண்டவில்லை. ஹாம்சனின் உண்மையான குரலுக்கு எதிரே உண்மையான காதுகள்தான் இருக்கமுடியும். அநேகர் கேட்டார்கள், கேட்டும் துப்பாக்கியைப் போடவில்லை. பலர் அவருடைய புத்தகங்களைக் கொண்டுபோய் அவருக்கே திருப்பிக் கொடுத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. அதைவிட நல்ல விமரிசனம் எனக்குத் தெரியவில்லை.

இதுவரை பேசியது பணியாமையைப் பற்றி. பணியமாட்டேன் என்று சுவரில் எழுதி வைப்பவன் பக்கத்து வீட்டுக்காரனுக்கு என்ன சொன்னான் என்பதையும் பார்க்கவேண்டும். 1944-ல் பெட்சாமோவை பின்லாந்திடமிருந்து சோவியத் யூனியன் எடுத்துக்கொண்டதால் நார்வேக்கு மறுபடியும் ரஷ்ய எல்லை வந்துவிட்டது, ஏறத்தாழ 196 கிலோமீட்டர். அந்த அண்டைக்காரன் 1944 அக்டோபரில் கிர்கெனெஸை ஜெர்மானியரிடமிருந்து விடுவித்தான். 1945 செப்டம்பரில் யாரும் தள்ளாமலே திரும்பிப் போனான். இதை மறக்காமல் சொல்லவேண்டும். பிறகு 1949 ஜனவரியில் அதே அண்டைக்காரன், அட்லாண்டிக் உடன்படிக்கையில் சேர்ந்து அன்னியருக்குத் தளம் கொடுக்கப்போகிறாயா என்று கடிதம் எழுதிக் கேட்டான். பிப்ரவரி 1-ம் தேதி நார்வே பதில் சொன்னது: தாக்கப்படாதவரை, தாக்குதல் மிரட்டல் வராதவரை, அன்னியப் படைகளுக்குத் தளம் கிடையாது. ஏப்ரலில் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது, ஜூனில் சுவர் அறிவிப்பு. ஐந்து மாதத்துக்குள் இந்த மூன்றும்.

அணு ஆயுதங்களும் வேண்டாம் என்று 1957-ல் பிரதமர் ஐனார் கெர்ஹார்ட்சன் பாரிஸ் கூட்டத்தில் சொன்னார். கூட்டாளிகளின் போர்ப் பயிற்சியை ரஷ்ய எல்லையை ஒட்டிய ஃபின்மார்க் மாகாணத்தில் பல காலம் அனுமதிக்கவில்லை. எல்லை நதிக்கரையில் நிற்பவன் அக்கரைக்குக் கல்லெறியக்கூடாது, அனுமதியில்லாமல் அக்கரையில் இருப்பவனோடு பேசக்கூடாது, அண்டை நாட்டை அவமதிக்கும் சேஷ்டை செய்யக்கூடாது என்று 1950-லேயே சட்டம் இருக்கிறது. முதலில் வேடிக்கையாகத்தான் தோன்றும். எனக்கு அந்தக் கல்லெறியாத சட்டம் சுவர் அறிவிப்புக்குச் சமமான தார்மீக ஆவணமாகப் படுகிறது. பலவீனமானவன் ரோஷத்தைத் தன் வீட்டுக்குள் கெட்டியாக வைத்துக்கொண்டு, வேலியோரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். இடதுசாரிகள் இதை அமெரிக்கச் சார்பை மறைக்கும் பாசாங்கு என்றார்கள், கூட்டாளிகளில் சிலர் கோழைத்தனம் என்றார்கள். 1968 ஜூன் மாதம் ஒரு இரவில் சோவியத் டாங்கிகள் பெருந்திரளாக எல்லைக்கு வந்து நின்றன. பீரங்கிக் குழாய்கள் நார்வேயைப் பார்த்திருந்தன. இந்தப் பக்கம் ஸோர்-வராங்கர் காவற்படை, சில நூறு பையன்கள், தாண்டினால் சுடு என்ற உத்தரவோடு. சில நாள் நின்றுவிட்டு டாங்கிகள் போய்விட்டன. இந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் பதற்றத்தில் விசையை அழுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யோசிக்க, சுடாமல் நின்ற அந்தப் பையன்களுக்குப் பல வருஷங்கள் கிடைத்தன. விஷயம் வெகுகாலம் வெளியே வரவில்லை.

ஆனால் இந்தக் கௌரவமான கொள்கைக்கு விலை கொடுத்தது ஆஸ்லோ இல்லை. ஃபின்மார்க்கில் 1944 இலையுதிர் காலத்தில் பின்வாங்கிய ஜெர்மானியர், ரஷ்யர்களுக்கு ஒன்றும் மிஞ்சக்கூடாதென்று மாகாணத்தையே கொளுத்தினார்கள். சுமார் 11,000 வீடுகள். ஏறத்தாழ 50,000 பேரைக் கட்டாயமாகத் தெற்கே கொண்டுபோனார்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் குகைகளிலும் புல்குடிசைகளிலும் கவிழ்த்துப்போட்ட படகுகளின் கீழும் ஒளிந்துகொண்டார்கள். அதற்குச் சற்று முன் கிர்கெனெஸ் பக்கத்தில் ப்யோர்னெவாட்ன் சுரங்கத்துக்குள் சுமார் 3,500 பேர் வாழ்ந்தார்கள். பத்துக் குழந்தைகள் அங்கே பிறந்தன. போர் முடிந்து ஜனங்கள் திரும்பி வந்து, அரசாங்கம் வேண்டாமென்று தடுத்தும் கேட்காமல் வந்து, சாம்பல் மேல் வீடு கட்டினார்கள். அவர்கள் கட்டி முடிப்பதற்குள் ராணுவத் திட்டக்காரர்கள் தீர்மானித்துவிட்டார்கள்: அடுத்த போர் வந்தால் உண்மையான தற்காப்புக் கோடு மேற்கே, ட்ரோம்ஸ் மாகாணத்தில், லிங்கெனில்தான். ஃபின்மார்க்கில் தாமதப்படுத்தும் சண்டை மட்டும். கடைசிவரை பணியாதே என்று சுவரில் எழுதியவர்களே, வரைபடத்தில் ஒரு மாகாணத்தைக் கோட்டுக்கு வெளியே வைத்தார்கள். ராணுவக் கணக்கில் இது சரியாக இருக்கலாம். நான் கேட்பது, சாமி இனத்தவரும் மீனவர்களும் மறுபடி குடியேறிய அந்தப் பூமியில் 'இனி ஒருபோதும் 1940 இல்லை' என்ற வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று. அவர்களுடைய காயத்தின் தேதி 1940-கூட இல்லை. 1944.

இதிலும் கசப்பானது ஒன்று உண்டு. கீபெர்க் போன்ற கடலோரக் கிராமங்களிலிருந்து 1940-ல் சோவியத் பக்கம் போன மீனவர்கள் ரேடியோ கருவிகளோடு திரும்பி வந்து, பாறை இடுக்குகளில் மாதக்கணக்கில் ஒளிந்து, ஜெர்மன் கப்பல்களின் போக்கைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிடிபட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். மேலிடத்து உத்தரவில்லாமல், தனியாக, நம்பிக்கையற்ற நிலையிலும் எதிர்த்தவர்கள். சுவர் அறிவிப்பு யாரை வேண்டுமென்று கேட்டதோ அவர்கள். போர் முடிந்ததும் அவர்கள் எல்லையோரக் கம்யூனிஸ்டுகளாகிவிட்டார்கள். போலீஸ் கண்காணிப்பு, சந்தேகம். மன்னர் ஐந்தாம் ஹரால்ட் 1992-ல் வருத்தம் தெரிவித்தார். அதற்குள் முக்கால்வாசி வாழ்க்கை போயாகிவிட்டது. எல்லைப் பாதுகாப்பு என்ற சொல் எல்லையில் வசிப்பவனை எப்போதும் இப்படித்தான் இரண்டாகப் பார்க்கிறது, அரணாகவும் ஓட்டையாகவும்.

2022 மார்ச்சில் உக்ரேனில் ஒரு வீடியோ வெளிவந்தது. அதிபர் ஸெலென்ஸ்கி தன் ராணுவத்தைப் பார்த்து ஆயுதத்தைக் கீழே போடச் சொல்கிறார். முகம் அவருடையது மாதிரி, குரல் அவருடையது மாதிரி, யந்திரத்தில் செய்தது. கொஞ்ச நேரத்தில் அவரே தோன்றி மறுத்தார். மறுக்க முடிந்தது, சுதந்திரமாக இருந்ததால். முகமும் குரலும் இனி முத்திரைக் காகிதம் மாதிரி ஆகிவிட்ட காலத்தில், சின்னங்களை நம்பாதே என்ற ஹௌகெயின் கட்டளை இன்னும் பொருந்துகிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கல்லெறியாத பாதிதான் கரைந்துகொண்டு வருகிறது. 2017-லிருந்து அமெரிக்க வீரர்கள் மத்திய நார்வேயில் முறை வைத்துத் தங்கினார்கள். 2022-ல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் சில இடங்களை அவர்களுக்குத் திறந்துவிட்டது. 1949 வாக்குறுதி மாறவில்லை என்று அரசாங்கம் சொல்கிறது. அண்டைக்காரன் உக்ரேனில் செய்ததைப் பார்த்தபின் அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் வாக்கின் எழுத்து அப்படியே இருக்க அர்த்தம் மெல்ல நகர்வதை, சொல்லோடு பிழைப்பு நடத்தும் நாம் கவனிக்காமல் இருக்க முடியாது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 1949 ஆணை ஜூன் 10-ம் தேதி வந்தது. 1940 ஜூன் 10-ம் தேதிதான் நார்வே மண்ணில் சண்டை முடிந்த நாள். அதற்கு இரண்டு வாரம் முன்பு, மே 28-ல், கூட்டுப்படைகளோடு சேர்ந்து நார்விக்கைத் திரும்பப் பிடித்திருந்தார்கள். சுண்ட்லோ கொடுத்துவிட்ட ஊர் மறுபடி கையில் இருந்தது. ஆனால் பிரான்ஸ் விழுந்துகொண்டிருந்தது, கூட்டாளிகள் படைகளை வாபஸ் வாங்கினார்கள். ஜூன் 7-ம் தேதி மன்னரும் அமைச்சர்களும் ட்ரோம்ஸோவிலிருந்து கப்பலேறி இங்கிலாந்து போனார்கள். போகுமுன், சண்டையை நிறுத்து என்ற ஆணையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். யார் கையிலும் சிக்காத மன்னர், சுதந்திரமான அமைச்சரவை. ஆகவே அது உண்மையான ஆணை, சுவர் அறிவிப்பின் இலக்கணப்படியே உண்மை. சிப்பாய்கள் அதை நம்பி வீட்டுக்குப் போனார்கள். அரசாங்கம் லண்டனிலிருந்து ஐந்து வருஷம் போரைத் தொடர்ந்தது. தலைமைத் தளபதி ஓட்டோ ரூகெ மட்டும் கப்பலேறவில்லை. படை கலையும்வரை கூட இருப்பதாகச் சொல்லித் தங்கிவிட்டார், 1945 வரை ஜெர்மனியில் சிறையில் இருந்தார்.